8.78 மீட்டர்

அந்தத் தெருப் பெரியவர் கேட்டது ஒன்று, நான் சொன்ன பதில் வேறொன்று. இரண்டு வருடம் ஆகிறது. இன்றைக்கும் சைட்டில் ரோடு அளக்க இறங்கினால் அந்தக் கேள்விதான் முதலில் காதில் விழுகிறது.

"நீ படிச்ச பொண்ணு. நீயே சொல்லும்மா, இந்தத் தெரு இன்னும் பத்து வீட்டைத் தாங்குமா?"

நான் சொன்னேன்: "சார், உங்க காம்பவுண்டு சுவர் ஒரு அடி ரோட்டுல இருக்கு."

பொய் இல்லை. இதைப் பற்றி யாரிடம் பேசினாலும் நான் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறேன். பொய் சொல்லவில்லை, அளந்து பார்த்ததைச் சொன்னேன்.

வளசரவாக்கம் பக்கத்தில் பஞ்சாயத்துக் காலத்து லேஅவுட். இரண்டு கிரவுண்டு, நடுவில் ஒரு பழைய மாடி வீடு. பிள்ளைகள் வெளியூரில் இருக்க, அந்த வீட்டு அம்மா, மனையைக் கொடுத்துக் கட்டியதில் பங்கு வாங்கும் ஜாயின்ட் வென்ச்சருக்கு ஒப்புக்கொண்டு பில்டரிடம் கொடுத்துவிட்டார். பிளான் போட்டு அனுமதி வாங்கித் தருவது எங்கள் ஆபீஸ் வேலை. ஃபைல் என் கையில்.

கணக்கு இதுதான். 2019 விதிகளின்படி 18.3 மீட்டர் உயரத்துக்குள் கட்டினால் எஃப்.எஸ்.ஐ. 2, அதாவது மனைப் பரப்பைப் போல இரண்டு மடங்கு தளப் பரப்பு. மனை 4,800 சதுர அடி என்றால் 9,600 சதுர அடி கட்டலாம், எட்டு வீடு வரும். ரோடு 9 மீட்டர் இருந்தால் பணம் கட்டி பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. இன்னும் 30 சதவீதம் வாங்கலாம். அப்போது 12,480 சதுர அடி. பத்து வீடு, ஸ்டில்ட் பிளஸ் 5, கீழே தூண்களுக்கு நடுவில் பார்க்கிங், மேலே ஐந்து தளம். பில்டருக்கு லாபம் அந்தக் கூடுதல் இரண்டு வீட்டில்தான் என்று எங்கள் சார் முதல் நாளே சொல்லிவிட்டார். "ரோடை மட்டும் பாத்துக்கோ."

லேஅவுட் வரைபடத்தில் அது 30 அடி ரோடு, அதாவது 9.14 மீட்டர். காகிதத்தில் 14 சென்டிமீட்டர் மிச்சம். ஆனால் சென்னையில் எந்த 30 அடி ரோடு 30 அடியாகவே இருக்கிறது? ஆளுக்குக் கொஞ்சம் சாய்தளம், படி, செடித் தொட்டி. தார் போட்ட அகலத்தை அளந்துவிட்டு "20 அடிகூட இல்லையே" என்று சண்டைக்கு வருபவர்கள் உண்டு. அப்படி அளப்பதில்லை. மழைநீர் வடிகால், நடைபாதை எல்லாம் சேர்ந்ததுதான் ரோடு, எல்லையிலிருந்து எல்லை வரை. சாய்தளத்தால் குறையாது. சுவர் வெளியே வந்தால் குறையும்.

அன்றைக்கு உதவிக்கு வர வேண்டிய பையன் வரவில்லை. 30 மீட்டர் டேப்பை வைத்துக்கொண்டு தனியாக நின்றேன். எதிர்வரிசையில் நாலு வீடு தள்ளி ஒரு பெரியவர் கேட் பக்கத்தில் முருங்கைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்று அப்புறம் தெரிந்தது. "குடும்மா, நான் பிடிக்கிறேன்" என்று ஹோஸைக் கீழே போட்டுவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்தார். பிடித்தால் போதும் என்றுதான் நினைத்தேன். அவரோ சுவரில் பூச்சு உதிர்ந்திருந்த இடத்தை விட்டு, நல்ல முகம் பார்த்து, டேப் முனையைக் கட்டை விரலால் அழுத்திக்கொண்டு, "இழுத்துப் பிடி, தொய்வு விழுந்தா அளவு கூடக் காட்டும்" என்றார். எனக்கே டேப் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கிறாரே என்று சிரிப்பு வந்தது.

சைட்டுக்கு முன்னால் 9.16. தெரு முனையில் 9.10. அவர் வீட்டு வாசலில் 8.78.

எதற்கு என்று அவர் கேட்டார். "ரோடு அளவு சார், பிளானுக்கு" என்றேன். இதுவும் பொய் இல்லை.

சைட்டுக்கு முன்னால் மட்டும் 9 இருந்தால் போதாது, மெயின் ரோடு வரை அந்த அகலம் கிடைக்க வேண்டும் என்று கேட்பார்கள். அவர் வீடு சைட்டுக்கும் மெயின் ரோடுக்கும் நடுவில். அந்த 8.78 எங்களுக்குத் தொண்டையில் சிக்கிய முள். சார் சைட் வாசல் அளவையும் லேஅவுட் நகலையும் போட்டு ஃபைலை அனுப்பச் சொன்னார். அனுப்பினேன்.

பழைய வீட்டை இடிக்கத் தொடங்கியதும் மனு போனது. பதினோரு கையெழுத்து, முதல் கையெழுத்து அவருடையது. தண்ணீர், சாக்கடை, பார்க்கிங், வெளிச்சம் என்று நாலு பக்கம். 2019 கோடையில் ஏரியெல்லாம் வற்றி லாரிக்குக் குடம் வைத்துக் காத்திருந்த நாட்களில் அவர் கிணறு ஒன்றுதான் தெருவுக்கே தண்ணீர் கொடுத்ததாம். பத்து வீட்டுக்கு ஆழமாக போர் போட்டால் அந்தக் கிணறு என்ன ஆகும் என்று கேட்டிருந்தார். நல்ல கையெழுத்து. ஆனால் மனுவில் இருந்த எதுவும் விதிப்படி எங்களைத் தடுக்காது. மாஸ்டர் பிளானில் அது குடியிருப்புப் பகுதி. தனி வீடா அடுக்குமாடியா என்று அது கேட்பதில்லை. எங்களைத் தடுக்கக்கூடியது ஒன்றே ஒன்று, அந்த 8.78. அதை அவர் எழுதவில்லை. டேப்பைப் பிடித்தது அவர், எண்ணைப் படித்தது நான்.

மனு வந்ததால் அனுமதி தரும் ஆபீஸிலிருந்து இன்ஜினியர் நேரில் பார்க்க வந்தார். தெருவில் பாதிப் பேர் கூடிவிட்டார்கள். பெரியவர் இன்ஜினியரிடம் பேசிவிட்டு, சட்டென்று என் பக்கம் திரும்பி அந்தக் கேள்வியைக் கேட்டார். குரலை உயர்த்தவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். நான் அந்தப் பதிலைச் சொன்னேன்.

கூட்டம் அடங்கிவிட்டது. ஏனென்றால் அங்கே நின்ற எல்லோர் வீட்டு வாசலிலும் ஏதோ ஒன்று ரோட்டில் நீட்டிக்கொண்டிருந்தது. அவர் தன் சுவரைத் திரும்பிப் பார்த்தார். "எங்க அப்பா கட்டினது" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

ஏன் அப்படிச் சொன்னேன்? பல விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். இன்ஜினியர் எப்படியும் அளந்திருப்பார், நான் சொன்னதால் ஒன்றும் மாறவில்லை. இது ஒரு விதம். ரோட்டில் சுவர் கட்டிவிட்டு ரோடு தாங்குமா என்று கேட்பது நியாயமா, இது இன்னொரு விதம். கோபமாக இருக்கும் நாட்களில் இது போதும். ஆனால் அவர் சுவர் சரிசெய்யப்பட்டால் ரோடு 9 மீட்டர் ஆகிவிடும் என்பது எனக்குத் தெரியுமா தெரியாதா? ஃபைலில் வேலை பார்த்தவள் நான். தெரியாமல் எப்படி இருக்கும்? வாயைத் திறந்த அந்த நொடியில் அது மனதில் இருந்ததா என்றால், இல்லை என்று நேற்று வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

பத்து நாள் கழித்து அவரே கொத்தனாரை வைத்துச் சுவரை இடித்தார். யாரும் நோட்டீஸ் கொடுக்கவில்லை. ஒன்றரை அடி உள்ளே தள்ளிப் புதிதாகக் கட்டினார். தெருவை அபகரித்தவன் என்ற பேர் வேண்டாம் என்று சொன்னாராம். நாங்கள் மறுபடி அளந்தோம். 9.23. பிரீமியம் எஃப்.எஸ்.ஐ.க்குப் பணம் கட்டினார்கள், அனுமதி வந்தது. மனுவில் கையெழுத்துப் போட்ட மற்றவர்கள் அப்புறம் வாயே திறக்கவில்லை. எட்டு வீடு பத்து ஆனது அவர் விட்டுக்கொடுத்த அந்த இடத்தால்தான். இது அவருக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்று ஆசைப்படுகிறேன், அது எனக்காகவா அவருக்காகவா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

சார் என்னைப் பாராட்டினார். "கரெக்டான நேரத்துல கரெக்டாப் பேசினே." தீபாவளிக்கு போனஸும் கூடுதலாக வந்தது. வாங்கிக்கொண்டேன். சொல்லாமல் விட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் குடியிருப்பதும் ஒரு தனி வீட்டை இடித்துக் கட்டிய பிளாட்தான், பன்னிரண்டு வீடு. இல்லாவிட்டால் என் சம்பளத்துக்கு ஊருக்குள் வீடு ஏது? அந்தத் தெருவிலும் யாரோ மனு எழுதியிருப்பார்கள். எனவே பெரியவர் சொன்னதுதான் சரி என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அவர் கேள்விக்கு நேர்மையான பதில் என்ன? சாக்கடைக் குழாயின் விட்டம் எனக்குத் தெரியும். மழைநீர் சேகரிப்புத் தொட்டியின் அளவை நான்தான் வரைந்தேன். பார்க்கிங்கும் தெரியும். "தெரியல சார், தண்ணிக்குக் கஷ்டம் வரலாம்" என்றாவது சொல்லியிருக்கலாம். அவ்வளவுதான் அவர் கேட்டது. அந்தக் கேள்விக்கு எங்கள் படிவத்தில் கட்டம் கிடையாது என்பது உண்மைதான், ஆனால் அவர் என்னிடம் படிவத்தில் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு சொந்தக் காசில் லேசர் மீட்டர் வாங்கிவிட்டேன். மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டாம். பட்டனை அழுத்தினால் எண் வந்துவிடும். வேலை வேகமாக முடிகிறது என்று ஆபீஸில் சொல்லியிருக்கிறேன்.

போன மாதம் முடிப்புச் சான்றிதழ் வேலையாக அந்தத் தெருவுக்குப் போக வேண்டியிருந்தது. பத்து வீட்டில் ஆறுக்குத் திரை போட்டாகிவிட்டது. அவருடைய புதுச் சுவருக்கு இன்னும் வெள்ளை அடிக்கவில்லை. முருங்கையை வெட்ட மனம் வரவில்லை போல, சுவர் மட்டும் உள்ளே போயிருக்கிறது, மரம் வெளியே ரோட்டில் நிற்கிறது. டெம்போ உரசிய காயம் தண்டில். சுவருக்கு மேலாக ஹோஸ் ஒன்று எட்டிப் பார்த்தது, தண்ணீர் மரத்தின் அடியில் விழுந்துகொண்டிருந்தது. உள்ளே யார் பிடித்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. நான் நிற்காமல் எதிர்ப்பக்கமாக நடந்து போய்விட்டேன்.