ரெண்டு ஷேடு ஏற்றிய போட்டோ

போன வாரம் அக்கா மகளுக்கு ஜாதகத்தோடு கொடுக்க போட்டோ எடுக்கணும் என்று டவுனில் ஒரு ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போனேன். மறுநாள் பிரிண்ட் வாங்கப் போனால் கவருக்குள் இருந்தது வேறு யாரோ. முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி, மூக்கோரத்து மச்சத்தைக் காணோம், கையை மட்டும் ஸ்டுடியோக்காரர் மறந்துவிட்டார் போல, அது அவள் நிறத்திலேயே மடியில் கிடந்தது. "எல்லாருக்கும் ரெண்டு ஷேடு ஏத்திதான்மா குடுப்போம்" என்றார், கேட்காமலே ஒரு கரண்டி சட்னி கூட வைத்தவர் மாதிரி.

வீட்டுக்கு வந்ததும் எங்கம்மா வழக்கமான வசனத்தை எடுத்தார்: "நிறத்துல என்ன இருக்கு, மனசுதான் அழகு." இதைச் சிவப்பாக இருக்கிற பெண்ணிடம் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை. ஓட்டப்பந்தயத்தில் தோற்ற பிள்ளைக்குக் கொடுக்கிற சோப்பு டப்பா அது. என்னிடம் அந்த டப்பா நிறையவே சேர்ந்திருக்கிறது.

நிறத்துக்குக் காரணம் மெலனின். அதைச் செய்கிற செல்கள் கறுப்பானவருக்கும் வெளுப்பானவருக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கைதான், எவ்வளவு செய்கின்றன, எந்த வகை என்பதில்தான் வித்தியாசம். வெயிலிலிருந்து தோலைக் காக்கிற சரக்கு அது, கடலூர் வெயிலுக்கு வேண்டாமா? 1975-ல் வந்த ஃபேர் அண்ட் லவ்லியே 2020-ல் 'ஃபேரை' எடுத்துவிட்டு 'க்ளோ' ஆகிவிட்டது. ஸ்டுடியோக்காரருக்குத்தான் இன்னும் தகவல் வரவில்லை.

சரி, எனக்கு யார் அழகு? தேவனாம்பட்டினத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மா. மனசைச் சொல்லவில்லை, விலையில் அஞ்சு ரூபாய் விடமாட்டார். நான் சொல்வது கண்ணுக்குத் தெரிகிற அழகை. கூடையை இறக்கி, அரிவாள்மணையைக் காலால் அழுத்தி உட்கார்ந்ததும் அந்த உடம்பு ஒரு தினுசாக அடங்கும். சங்கராவின் செவுளைக் கட்டைவிரலால் தூக்கிச் சிவப்பைக் காட்டுவார், அப்புறம் சாம்பலைத் தொட்டுக்கொண்டு வாலிலிருந்து தலைப்பக்கமாகச் சீவ, செதில் தெறிக்கும், ஒன்று கன்னத்தில் ஒட்டிக்கொண்டு வெயிலில் மின்னும், அவருக்குத் தெரியவே தெரியாது. வாய் மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கும், கை தன்பாட்டுக்கு ஓடும், துண்டெல்லாம் ஒரே கனத்தில் விழும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு போகாது, வரத்து குறைந்துவிடும், கருவாட்டுக் கூடையோடு வருவார். அப்போது கைக்கு வேலை இல்லை. பார்த்தால் களைத்துப்போன ஒரு அம்மா, அவ்வளவுதான்.

கோயிலிலும் எனக்கு இதே புத்திதான். நால்வர் வரிசையில் சுந்தரருக்குப் பெயரிலேயே அழகு இருக்கிறது, மாப்பிள்ளைக் கோலம் வேறு. ஆனாலும் என் கண் கோயில் புல்லைச் செதுக்குகிற உழவாரத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்கிற அப்பரிடம்தான் போகும். (நம்ம திருவாமூர்க்காரர் என்ற பாசமும் கொஞ்சம் உண்டு.)

அக்கா மகள் பிளவுஸ் தைப்பாள். வாயில் நாலு குண்டூசியைக் கடித்துக்கொண்டு, காது ஜிமிக்கி ஆட, மெஷின் மேல் குனிந்திருக்கும்போது என் போனில் ஒன்று எடுத்திருந்தேன். நேற்று மீன்கார அம்மாவிடம் இரண்டையும் காட்டி எதைக் கொடுக்கலாம் என்று கேட்டேன். ஸ்டுடியோ படத்தை ஒரு தரம் பார்த்தார். போனை, கை ஈரமாக இருந்ததால் கிட்டே கொண்டுவரச் சொல்லி, செவுளைப் பார்க்கிற அதே பார்வையோடு ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஊசிய முழுங்கிடப் போவுது, சொல்லி வைம்மா" என்றார். "ஜிமிக்கி எங்க வாங்குனது?"