விராலடிப்பானின் முட்டை சொன்ன சாட்சி

கடலோர நீரின் நலத்தை அறிய விராலடிப்பான் (osprey) என்னும் வேட்டைப்பறவையைவிட நம்பகமான பறவை வேறில்லை என்றே நான் கருதுகிறேன். அதன் உணவு ஏறத்தாழ முழுவதும் மீன்தான் என்பதால், மீனின் உடலில் சேர்ந்த நஞ்செல்லாம் இறுதியில் அதன் உடலிலேயே வந்து தங்குகிறது.

அமெரிக்காவில் நியூயார்க்குக்கும் பாஸ்டனுக்கும் இடைப்பட்ட கரையில் 1940-களில் சுமார் 1,000 இணைகள் கூடு கட்டின. 1960-களின் இறுதியில் எஞ்சியவை சுமார் 150 மட்டுமே. கொசுவை ஒழிக்கச் சதுப்பு நிலங்களில் தெளித்த டிடிடி என்ற பூச்சிக்கொல்லி, சிற்றுயிர்கள் வழியாக மீனுக்கும் மீன் வழியாகப் பறவைக்கும் ஏறி, முட்டையோட்டை மெலியச் செய்தது. அடைகாக்க அமர்ந்த தாயின் எடை தாங்காமலே முட்டைகள் நொறுங்கின என்பதை எண்ணும்போதெல்லாம் மனம் கனத்துப் போகிறது.

பால் ஸ்பிட்சர் என்ற இளம் ஆய்வாளர், பாதிப்பு குறைவாக இருந்த மேரிலாந்து மாநிலக் கூடுகளிலிருந்து எடுத்த முட்டைகளை, மேற்சொன்ன கரையிலுள்ள கனெக்டிகட் மாநிலக் கூடுகளிலும், கனெக்டிகட் முட்டைகளை மேரிலாந்திலும் மாற்றி வைத்துப் பார்த்தார். மேரிலாந்து முட்டைகள் புதிய இடத்திலும் நன்கு பொரிந்தன. கனெக்டிகட் முட்டைகளோ இடம் மாறியும் தேறவில்லை. குறை பெற்றோரின் பராமரிப்பில் இல்லை, முட்டையிலேயே இருக்கிறது என்பதை இத்தனை எளிமையாக நிறுவிய சோதனையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

1972-இல் டிடிடி தடை செய்யப்பட்டபின் பறவைகள் மீண்டன. ஆயினும், அமெரிக்கக் கிழக்குக் கரையிலுள்ள செசபீக் விரிகுடாவின் மோப்ஜாக் பகுதியில் இன்று குஞ்சுகள் பட்டினியால் கூட்டிலேயே மடிகின்றன. மென்ஹேடன் மீன் போதிய அளவு கிடைக்காததையே ஆய்வாளர்கள் காரணமாகச் சுட்டுகிறார்கள். அம்மீனைப் பிடிக்கும் அளவை வரையறுக்கும்போது, அதை நம்பி வாழும் பறவைகளின் பங்கையும் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும்.