கறுப்பின் மேல் ஒரு சொட்டு: கோயாவின் சிற்றோவிய முறையைச் செய்து பார்க்கிறேன்

ஸ்பெயின் ஓவியர் பிரான்சிஸ்கோ கோயா வரைந்ததில் எனக்கு மிகப் பிடித்தவை உள்ளங்கைக்குள் அடங்கும் தந்தச் சிற்றோவியங்கள்தான். 1824-25 குளிர்காலத்தில், பிரான்ஸின் போர்தோ நகரில் இருந்தபோது, கிட்டத்தட்ட 40 செய்தார். அப்போது அவருக்கு வயது 78. 1792-93இல் வந்த நோயில் காது முழுக்கப் போய் முப்பது வருடம் தாண்டியிருந்தது.

தந்தத் தகட்டில் கறுப்பைப் பூசி, அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவாராம். தண்ணீர் பரவிய இடத்தில் கறுப்பு கரைந்து வெளிச்சத் திட்டு வரும். அதில் எந்த உருவம் தெரிகிறதோ, அதையே ஓவியமாக்குவார். கூட இருந்து பார்த்த இளம் ஓவியர் புருகாடா சொன்னது இது.

தந்தம் வேண்டவே வேண்டாம். வெள்ளை அக்ரிலிக் ஷீட்டைத் துண்டு போட்டு, நைஸ் உப்புத்தாளால் தேய்த்தேன். வழவழப்பு போனால்தான் கறுப்பு பிடிக்கும். கறுப்புக்கு விளக்குப் புகைக்கரி. அது தண்ணீரில் மிதக்கும் என்பதால், கருவேலம் பிசின் கரைசலோடு கண்ணாடி மேல் வைத்து நன்றாக அரைக்க வேண்டும். பிசின் கூடினால் காய்ந்ததும் வெடிக்கும். குறைந்தால் சொட்டு விழுந்ததுமே எல்லாம் ஓடிவிடும். துளி தேன் சேர்த்தபின் வெடிப்பு நின்றது.

இங்க் ஃபில்லரால் சொட்டு விட்டு, சற்றுப் பொறுத்து, பருத்தித் துணி முனையால் ஒற்றி எடுக்கிறேன். திட்டின் ஓரத்தில் கறுப்பு ஒதுங்கி வளையமாக நிற்கிறது. முக்காட்டுக்கும் தலைமுடிக்கும் அது அப்படியே பொருந்துகிறது. கண், மூக்கு நுனி வெளிச்சத்தை ஊசியால் சுரண்டுகிறேன். கோயாவும் கூர்முனையால் சுரண்டியிருக்கிறார்.

காது கேளாததால்தான் இப்படி வரைந்தார் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 1799இல் வந்த ‘காப்ரிச்சோஸ்’ என்ற அச்சு ஓவிய வரிசைக்கு, மை தடவி அச்செடுக்கும் 80 செப்புத் தகடுகளைச் செய்தவர் அவர். தகட்டில் இருட்டைப் படியவைத்து, வேண்டிய இடத்தில் தேய்த்து வெளிச்சத்தை மீட்பது அவர் கைக்குப் பழகிய வேலை. 1825 டிசம்பரில் நண்பர் ஃபெரருக்கு எழுதிய கடிதத்தில், இந்தச் சிற்றோவியங்கள், வழவழவென்று நுணுக்கமாக முடிக்கும் ஓவியர் மெங்ஸின் வேலையைவிட, தளர்வான வீச்சில் தீட்டும் பழைய ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸின் தூரிகையைப் போலத்தான் இருக்கும் என்கிறார். பார்வையும் கை உறுதியும் போய்விட்டன, மன உறுதி மட்டும் மிச்சம் என்பதும் அதே கடிதத்தில்தான். புள்ளி புள்ளியாக வைக்கும் வழக்கமான சிற்றோவிய முறைக்குக் கூர்மையான கண் வேண்டும். இந்தத் திட்டுகளோடு உட்கார்ந்த பிறகு, அவர் ஏன் இந்த வழிக்கு வந்தார் என்பது எனக்குப் புரிகிறது.

இப்போதைக்கு ஒரு கிழவியின் முகம் நன்றாக வந்திருக்கிறது. கைகள் வரவில்லை, சொட்டு பெரிதாக விழுந்து விரல்களை அழித்துவிடுகிறது. அடுத்து இங்க் ஃபில்லரை விட்டுவிட்டு, ஊசி முனையில் தண்ணீர் தொட்டு வைத்துப் பார்க்கப் போகிறேன்.