இரவில் பீட்சா, விடிந்தால் ரொட்டி

புதுச்சேரியில் கடற்கரைச் சாலைக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு சின்ன பேக்கரியில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். காலையில் ரொட்டி, சாயங்காலம் பீட்சா. ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விட மாட்டார்கள், ஜனம் நடந்து காற்று வாங்கிவிட்டுப் பசியோடு எங்கள் தெருப் பக்கம் திரும்பும், அதை நம்பித்தான் பீட்சா.

இரண்டுக்கும் அடுப்பு ஒன்றுதான். செங்கல் அடுப்பு, சவுக்குக் கட்டை விறகு. மதியம் மூன்று மணிக்குப் பற்ற வைத்தால் முதலில் உள்கூரை முழுக்கக் கரி பிடித்துக் கருத்துவிடும், அப்புறம் சூடு ஏற ஏற அந்தக் கரியே எரிந்துபோய்ச் செங்கல் வெளுத்து வரும். வெளுக்கும் வரை ஒரு பீட்சாவையும் மாஸ்டர் உள்ளே விட மாட்டார். வெளுத்துவிட்டால் இரண்டு மூன்று நிமிடத்தில் ஓரம் பொங்கி, அங்கங்கே கருகல் புள்ளியோடு வெளியே வந்துவிடும். இரவு தணலை வாரிவிட்டு அடுப்பு வாயை மூடி வைப்போம். விடிகாலை நாலரைக்குத் திறந்தால் ரொட்டிக்கு வேண்டிய பதமான சூடு செங்கலிலேயே இருக்கும், ஒரு குச்சி விறகு கூட வைக்க வேண்டாம். எனக்கு அந்த வேலையில் ரொம்பப் பிடித்தது இதுதான்.

கஷ்டம் என்றால் கடல் காற்று. ஒரு கிலோ மைதாவுக்கு 650 மில்லி தண்ணீர் என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன். ஐப்பசி மழையில் ஒருநாள் அதே அளவை ஊற்றிப் பிசைந்தேன், மாவு மேசையோடு ஒட்டிக்கொண்டு வழிந்தது, நாற்பது உருண்டை வீண். மாஸ்டர் திட்டவில்லை. என் கையைப் பிடித்து மூட்டைக்குள் விட்டார். மாவு சில்லென்று, பிடித்தால் பிடித்தபடி கட்டியாக நின்றது. “இது நேத்தே தண்ணி குடிச்சிருச்சு தம்பி,” என்றார். அன்றிலிருந்து மூட்டையில் கை விடாமல் நான் தண்ணீர் அளந்ததில்லை.

தினமும் காலையில் ஒரு தாத்தா வருவார், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் ஊரில் சொல்தா என்போமே, அவர்களில் ஒருவர். ரொட்டியைத் திருப்பி அடியில் விரலால் தட்டிக் காதருகே வைத்துக் கேட்பார். டொக் டொக் என்று உள்ளே காலியாகக் கேட்டால்தான் வெந்திருக்கிறது என்று அர்த்தம். சத்தம் மந்தமாக இருந்தால் பேசாமல் வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். நாள் தவறாமல் ஒன்றே ஒன்று வாங்குவார்.

2011 டிசம்பர் 30, தானே புயல். புத்தாண்டுக் கூட்டத்துக்காக நூற்றிருபது உருண்டை பிசைந்து ஃபிரிட்ஜில் வைத்திருந்தோம். கரண்ட் போனது, எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, உள்ளே மாவு பொங்கிக்கொண்டிருந்தது. காற்று அடங்கியதும் விழுந்து கிடந்த மரங்களுக்கு மேலே ஏறி இறங்கி முத்தியால்பேட்டையிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தார் மாஸ்டர். சீஸ், தக்காளி எதையும் தொடவில்லை. நாலு நாலு உருண்டையாகச் சேர்த்து அடித்து ரொட்டியாக உருட்டச் சொன்னார். உள் அறையில் இருந்த விறகு நனையாமல் இருந்தது பெரிய விஷயம். மெழுகுவத்தி வெளிச்சத்தில் முப்பது ரொட்டி சுட்டோம், காசு வாங்க வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். தெருவே இருட்டு, வாசனையை வைத்தே ஆட்கள் வந்தார்கள்.

தாத்தாவும் டார்ச்சோடு வந்தார். அன்றைக்கும் விடவில்லை, தட்டினார், காதில் வைத்துக் கேட்டார். அப்புறம் இரண்டு எடுத்துக்கொண்டார். பக்கத்து வீட்டு அம்மா தனியாக இருக்கிறார்கள், அவர்களுக்கு ஒன்று என்றார்.