கக்குவான் இருமலிலிருந்து கீமோகைனுக்கு: குன்னூரில் படித்த ஒரு நெட் தேர்வு அனுபவம்

ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் கல்லூரி ஆசிரியர் தகுதிக்கும் நடத்தப்படும் சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் உயிர் அறிவியல் தேர்வை முதல்முறை எழுதிய ஆண்டில், குன்னூரில் எங்கள் வீட்டுச் சுவரில் ஏறத்தாழ ஐம்பது கீமோகைன்களின் (வெள்ளணுக்களை ஓரிடத்துக்கு அழைக்கும் சிறு புரதங்கள்) பெயர்களும், செல் பரப்பில் அவற்றை உணரும் இருபது ஏற்பிகளின் பெயர்களும் அடங்கிய பெரிய அட்டவணை ஒன்றை ஒட்டி வைத்திருந்தேன். ஐப்பசி ஈரத்தில் சுவரும் காகிதமும் சேர்ந்து ஊறி, பசை விட்டு, அட்டவணை ஒரு மூலையிலிருந்து உரிந்து தொங்கத் தொடங்கியது. என் நினைவிலிருந்தும் அது ஏறக்குறைய அதே வேகத்தில்தான் உரிந்தது. சிசிஆர்5 எந்தச் செல்லில் இருக்கும், சிஎக்ஸ்சிஆர்3 எதில் இருக்கும் என்றெல்லாம் சொல்லத் தெரிந்த எனக்கு, அந்த ஏற்பியை அடைத்தால் நோயின் போக்கு எப்படி மாறும் என்ற வகை வினாவுக்கு முன்னால் கை ஓடவில்லை. அந்த முறை நான் தேறவில்லை. அடுத்த முறை தேறியதற்குக் கூடுதல் நேரம் படித்தேன் என்று காரணம் சொல்ல முடியாது. தேயிலைக் காட்டு வேலைக்கும் டியூஷனுக்கும் இடையில் எனக்குக் கிடைத்த நேரம் உண்மையில் குறைந்துதான் இருந்தது. படித்த வரிசையை மாற்றினேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பாடத்திட்டத்தின் நான்காம் அலகு, ஓம்புயிர்-ஒட்டுண்ணி உறவு, செல் சமிக்ஞை, செல்களுக்கு இடையிலான தொடர்பு, புற்றுநோய், நோய் எதிர்ப்பாற்றல் ஆகிய அனைத்தையும் ஒன்றாக வைத்திருக்கிறது. கீமோகைன் என்ற ஒரே தலைப்பு இவை எல்லாவற்றையும் தொட்டுச் செல்வதால், அதை ஒழுங்காகப் படித்தவருக்கு அலகின் பெரும்பகுதி தானாகவே கோவையாகிவிடும். மேலும், ‘சி’ பகுதியில் 75 வினாக்களில் 25-க்கு விடையளித்தால் போதும். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிவு. இந்தப் பகுதியில் பெயரை நினைவில் வைத்திருப்பதால் மட்டும் எதுவும் நடக்காது. ஒரு சோதனையை விவரித்து, அதன் முடிவு என்னவாக இருக்கும் என்று கேட்பார்கள்.

எனக்கு வழி திறந்தது புத்தகத்தில் அல்ல. எங்கள் ஊரில் இருக்கும் பாஸ்டியர் நிறுவனம் 1907-இல் வெறிநாய்க்கடிச் சிகிச்சைக்காகத் தொடங்கப்பட்டு, பின்னர் முத்தடுப்பூசி உற்பத்தியிலும் பெயர் பெற்றது. அங்கே ஆய்வுக்கூட உதவியாளராக இருந்து ஓய்வு பெற்ற என் சித்தப்பா, ஒருநாள் மாலை தேநீரின்போது பேச்சுவாக்கில் கேட்டார்: “கக்குவான் வந்த கொழந்தைக்கு வெள்ளணு எண்ணிக்கை எங்கேயோ போயிடும்பா. ஆனா மத்த பாக்டீரியாக் காய்ச்சல் மாதிரி நியூட்ரோஃபில் ஏறாது, லிம்ஃபோசைட்தான் ஏறும். ஏன்னு நீதான் படிச்சுச் சொல்லேன்.”

என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டு நாள் தேடிப் படித்த பிறகே விடை பிடிபட்டது. கீமோகைன் ஏற்பிகள் எல்லாம் செல் சவ்வை ஏழு முறை ஊடுருவி நிற்பவை. பெரும்பாலானவை, செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் ஜி-புரதத்தின் ‘ஐ’ வகையோடு (ஜி-ஐ) இணைந்து வேலை செய்பவை. கக்குவான் பாக்டீரியாவின் பெர்ட்டூசிஸ் நச்சு, அந்த ஜி-ஐ புரதத்தின் ஆல்ஃபா துணை அலகில் உள்ள ஒரு சிஸ்டீன் அமினோ அமிலத்தில் ஏடிபி-ரைபோஸ் (ADP-ribose) என்ற மூலக்கூறுத் துண்டைக் கொண்டுபோய் ஒட்டிவிடுகிறது. அதன்பின் வெளியிலிருந்து கீமோகைன் வந்து ஏற்பியைத் தொட்டாலும் செய்தி உள்ளே இறங்குவதில்லை. ரத்தத்தில் இருக்கும் லிம்ஃபோசைட்டுகள் சிசிஆர்7 என்ற ஏற்பியின் மூலம், நிணநீர்க் கணுவில் சுரக்கும் சிசிஎல்19, சிசிஎல்21 ஆகியவற்றின் அழைப்பைக் கேட்டுத்தான் கணுவுக்குள் நுழைகின்றன. அழைப்புக் காதில் விழாததால் அவை ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஆகவே எண்ணிக்கை உயர்கிறது. கைக்குழந்தைகளுக்கு நோய் மிகக் கடுமையாகும்போது ஒரு மைக்ரோலிட்டரில் ஒரு லட்சத்தைத் தாண்டுவதும் உண்டு. புதிய செல்கள் பெருகியதைவிட, இருக்கும் செல்கள் வெளியேற முடியாமல் போனதே இங்கே முதன்மையான காரணம்.

இந்த ஒரு விடையை எழுதி முடித்தபோது, என் குறிப்பேட்டில் நான்கு தலைப்புகள் ஒன்றோடொன்று பிணைந்துவிட்டதைக் கண்டேன். காலரா நச்சும் இதே ஏடிபி-ரைபோஸை ஒட்டும் நச்சுதான். ஆனால் அது ஜி-எஸ் புரதத்தை அணைய விடாமல் வைத்திருக்கிறது, பெர்ட்டூசிஸ் நச்சு ஜி-ஐ புரதத்தை எரிய விடாமல் செய்கிறது. செல்லுக்குள் செய்தி கடத்தும் சிறு மூலக்கூறான சுழல் ஏஎம்பியை ஜி-எஸ் கூட்டும், ஜி-ஐ குறைக்கும் என்பதால், இரண்டிலும் அது உயரும். இந்த ஒப்பீட்டைச் செல் சமிக்ஞைப் பகுதியில் தனியாகப் படித்தவர்கள், நோய் எதிர்ப்புப் பகுதிக்கு வரும்போது மறந்துவிடுகிறார்கள். நானும் அவ்வாறே மறந்திருந்தேன்.

அடுத்து வெள்ளணு ரத்த நாளத்தை விட்டு வெளியேறும் படிகள். நீலகிரியில் தைலம் காய்ச்சும் கொட்டகைக்குப் பக்கத்தில் மூடுபனி நாளில் நடந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கொட்டகை கண்ணுக்குத் தெரியாது. வாசனை கூடக் கூட நெருங்குகிறோம் என்று தெரியும். காற்று பலமாக அடித்தால் மணம் கலைந்து திசை குழம்பிவிடும். ரத்த ஓட்டம் அத்தகைய பெருங்காற்று. வெறுமனே சுரந்த கீமோகைனை அது அடித்துக்கொண்டு போய்விடும் என்பதால், நாளத்தின் உட்சுவரில் இருக்கும் ஹெப்பரான் சல்ஃபேட் என்ற சர்க்கரைச் சங்கிலிகளில் கீமோகைன் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. செலக்டின் என்ற ஒட்டுப் புரதங்களைப் பற்றியபடி சுவரோரம் உருண்டு வரும் வெள்ளணு, அங்கே அதைச் சந்திக்கிறது, சந்தித்ததும் செல்லுக்குள்ளிருந்து வரும் செய்தியால் அதன் இன்டெக்ரின் என்ற பிடிப்புப் புரதங்கள் உருவம் மாறி, நாளச் சுவரில் உள்ள ஐகேம்-1 மூலக்கூற்றை இறுகப் பற்றுகின்றன, செல் நிற்கிறது, பிறகு இடுக்கு வழியாக வெளியேறுகிறது. பெர்ட்டூசிஸ் நச்சிட்ட லிம்ஃபோசைட் இந்தப் பாதையில் எந்தப் படியில் தவறும் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். உருளும், ஆனால் நிற்காது. உருளுதலுக்கு ஜி-புரதம் தேவையில்லை. இப்படி ஒரு படியை மட்டும் உடைத்துப் பார்க்கும் வினாக்களை நானே எழுதி நானே விடையளித்துப் பழகியது, வாங்கிய மாதிரித் தேர்வுத் தாள்களைவிட எனக்கு அதிகம் உதவியது.

பெயரிடும் முறையில் நீண்ட நேரம் செலவிட வேண்டாம். முதல் இரு சிஸ்டீன்களின் இடைவெளியை வைத்து சிசி, சிஎக்ஸ்சி, சிஎக்ஸ்3சி, எக்ஸ்சி என நான்கு குடும்பங்கள். ‘எல்’ என்றால் கீமோகைன், ‘ஆர்’ என்றால் ஏற்பி. சிஎக்ஸ்சி குடும்பத்தில் குளுட்டமிக் அமிலம், லியூசின், ஆர்ஜினின் என்ற மூன்று எழுத்துக் குறியைத் தாங்கியவை நியூட்ரோஃபிலை அழைக்கும். இன்டர்லூகின்-8 என்று பழைய நூல்களில் வருவதும் சிஎக்ஸ்சிஎல்8 என்பதும் ஒன்றே; சுண்டெலிக்கு அது கிடையாது, ஆகவே சுண்டெலிச் சோதனையை விவரிக்கும் வினாவில் அந்தப் பெயரைக் கண்டால் ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள்.

தொற்றுநோய்களில் எச்ஐவியை விடச் சிறந்த பாடம் இத்தலைப்பில் இல்லை என்பது என் கருத்து. இந்தியாவில் இத்தொற்று முதன்முதலில் 1986-இல் சென்னையில்தான் கண்டறியப்பட்டது. செல் பரப்பில் வைரஸ் பற்றிக்கொள்ளும் சிடி4 மூலக்கூறு மட்டும் இருந்தால் வைரஸ் மனிதச் செல்லுக்குள் நுழைந்துவிடும் என்றால், மனிதச் சிடி4-ஐ ஏற்றிய சுண்டெலிச் செல்லில் ஏன் நுழையவில்லை என்ற புதிர் பல ஆண்டுகள் நின்றது. 1995-இல் சிசிஎல்3, சிசிஎல்4, சிசிஎல்5 ஆகிய மூன்று கீமோகைன்கள் வைரஸைத் தடுக்கின்றன என்று தெரிய வந்தது. 1996-இல் சிஎக்ஸ்சிஆர்4, சிசிஆர்5 ஆகியவை துணை ஏற்பிகள் என்று நிறுவப்பட்டது. முதல் செய்தியை இரண்டாவது செய்தி விளக்குவதைக் கவனியுங்கள்: கீமோகைன் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில் வைரஸுக்கு இடமில்லை. சிசிஆர்5 மரபணுவில் 32 டிஎன்ஏ கார இணைகள் விடுபட்ட வடிவத்தைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்களின் செல் பரப்பில் அந்த ஏற்பி தோன்றுவதே இல்லை. ஐரோப்பிய வழியினரில் ஏறத்தாழ நூற்றில் ஒருவர் அப்படிப்பட்டவர், இந்தியரிடம் மிக அரிது. ரத்தப் புற்றுநோய்க்காக 2007-இல் பெர்லினில் அத்தகைய கொடையாளரின் தண்டுச் செல்களைப் பெற்ற டிமதி ரே பிரவுன், எச்ஐவியிலிருந்து விடுபட்ட முதல் மனிதர் ஆனார். அதே 2007-இல் சிசிஆர்5-ஐ அடைக்கும் மராவிரோக் மருந்து ஒப்புதல் பெற்றது. சிஎக்ஸ்சிஆர்4 வழியாக நுழையும் வைரஸுக்கு அது பயன்படாது என்பதால், கொடுப்பதற்கு முன் வைரஸ் எந்த ஏற்பியை நாடுகிறது என்று சோதித்தாக வேண்டும்.

இங்கே ஒரு மறுபக்கமும் உண்டு. சிசிஆர்5 இல்லாதவர்களை மேற்கு நைல் வைரஸ் தொற்றினால், நோய் வெளிப்படும் வாய்ப்பு கூடுதல். ஒரு தொற்றில் கேடயமாக இருக்கும் குறை, இன்னொரு தொற்றில் ஓட்டையாகிறது.

மலேரியாவுக்கு வந்தால், மலேரியா ஒட்டுண்ணி வகைகளில் ஒன்றான விவாக்ஸ் ரத்தச் சிவப்பணுவுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் டஃபி மூலக்கூறு, கீமோகைன்களைப் பிணைத்தும் ஜி-புரதச் செய்தி அனுப்பாத வினோதமான ஏற்பி. இப்போது அதை ஏசிகேஆர்1 என்கிறார்கள். டஃபி இல்லாதவர்களை விவாக்ஸ் எளிதில் தொற்றுவதில்லை என்று 1976-இல் காட்டப்பட்டது. அது கீமோகைன் ஏற்பி என்பது 1993-இல் தெளிவானது. மேற்கு ஆப்பிரிக்கரில் பெரும்பாலோருக்குச் சிவப்பணுவில் இது இல்லை. ஆனால் அவர்களின் நாளச் சுவர்ச் செல்களில் இருக்கிறது, ஏனெனில் மாற்றம் நேர்ந்திருப்பது சிவப்பணுவுக்கான மரபணு இயக்கப் பகுதியில் மட்டும். இதை அரிவாள் அணுச் சோகையோடு குழப்பிக்கொள்ளும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்கள் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் 1952-இல் அறிவிக்கப்பட்டு, இந்தியாவில் முதன்முதலில் பதிவானது அந்த அரிவாள் அணுப் பண்பு. அது காப்பது இன்னொரு வகையான ஃபால்சிபாரம் மலேரியாவிலிருந்து, ஹீமோகுளோபின் மாற்றத்தின் வழியாக. கீமோகைனுக்கு அதில் பங்கில்லை.

அழற்சி நோய்களைப் படிக்கும்போது நான் பெயர்களை விரைவாகக் கடந்தேன்: ஆஸ்துமாவில் ஈயோசினோஃபிலை அழைக்கும் சிசிஎல்11, அதன் ஏற்பி சிசிஆர்3, சொரியாசிஸில் டிஎச்17 என்ற வகை லிம்ஃபோசைட்டுகளை இழுக்கும் சிசிஎல்20, அதன் ஏற்பி சிசிஆர்6, தமனித் தடிப்பில் மோனோசைட்டுகளைக் கொண்டுவரும் சிசிஎல்2, அதன் ஏற்பி சிசிஆர்2, இன்டர்ஃபெரான்-காமா தூண்டும் சிஎக்ஸ்சிஎல்9, 10, 11 ஆகிய மூன்றுக்கும் பொதுவான சிஎக்ஸ்சிஆர்3. மாறாக, ஒரு கேள்வியில் பல நாள் தங்கினேன். முடக்குவாதத்தில் மூட்டுக்குள் இத்தனை கீமோகைன்கள் நிறைந்திருக்க, சிசிஆர்1, சிசிஆர்2, சிசிஆர்5 ஆகியவற்றைத் தடுத்துப் பார்த்த சிகிச்சைச் சோதனைகள் ஏன் பலனளிக்கவில்லை? ஒரே செல் பல ஏற்பிகளைத் தாங்கியிருக்கிறது, ஒரே ஏற்பிக்குப் பல கீமோகைன்கள் பொருந்துகின்றன. ஒரு வாசலை அடைத்தால் செல் அடுத்த வாசலால் வந்துவிடுகிறது என்பது வழக்கமான விடை. அதை மட்டும் எழுதி நிறுத்துவது போதாது என்று நினைக்கிறேன். ஏற்பியை நாள் முழுவதும் ஏறக்குறைய முற்றிலும் அடைத்து வைக்கும் அளவு மருந்து சேர்ந்ததா, நோயின் அந்தக் கட்டத்தில் அந்த ஏற்பிக்கு உண்மையில் வேலை இருந்ததா என்ற கேள்விகளும் உடன் வர வேண்டும். எச்ஐவிக்கு சிசிஆர்5-ஐ அடைத்தது பலித்ததற்குக் காரணம், அங்கே வைரஸுக்கு வேண்டியது அந்த ஒரே கதவு.

காசநோயை இதோடு சேர்த்துப் படியுங்கள். அழற்சியைத் தூண்டும் புரதமான டிஎன்எஃப், கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களைக் கீமோகைன்கள் சுரக்கத் தூண்டி, கிருமியைச் சுற்றி எழும் கிரானுலோமா என்ற செல் திரள் கலையாமல் காக்கிறது. முடக்குவாதத்துக்காக டிஎன்எஃப்-ஐத் தடுக்கும் ஊசி போட்டுக்கொள்பவருக்கு உறங்கிக் கிடந்த காசநோய் விழித்துக்கொள்வதும், ஊசிக்கு முன்பே காசநோய்ச் சோதனை கேட்கப்படுவதும் இதனால்தான்.

குறிப்பேட்டில் நான் ஒரு நோய்க்கு ஒரு பக்கம் என்று ஒதுக்கினேன். யார் சுரக்கிறார், எந்த ஏற்பி கேட்கிறது, எந்தச் செல் வருகிறது, அடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு மேல் எதையும் எழுத இடம் விடவில்லை. பதினோரு பக்கங்களில் முடிந்தது. மலைப்பாதையில் பேருந்தில் படித்தால் எனக்குத் தலை சுற்றும் என்பதால், வளைவுகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நோயின் பக்கத்தை மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்பேன். தடுமாறிய இடத்தை மேட்டுப்பாளையத்தில் இறங்கியதும் எடுத்துப் பார்ப்பேன். தனியே இருந்த ஒரு தாளில் மட்டும் விருப்பத்துக்காக எழுதி வைத்தது, நாய் உண்ணியின் உமிழ்நீரில் கீமோகைனைப் பிடித்து வைத்துக்கொள்ளும் எவேசின் என்ற புரதங்கள் இருப்பது. கடித்த இடத்தில் வெள்ளணு வராமலிருக்க உண்ணி கண்ட உபாயம் அது.

மலையிலிருந்து எழுதுபவர்களுக்கு ஒரு சொல். கோயம்புத்தூரில் மையம் கிடைத்து, தேர்வு வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வந்தால், முந்தைய நாளே இறங்கிவிடுங்கள். குன்னூருக்கும் பர்லியாருக்கும் இடையில் மண் சரிந்தால் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவார்கள். நேரம் உங்கள் கையில் இருக்காது. நான் இரண்டாம் முறை சென்றபோது கோத்தகிரி வழியாகத்தான் இறங்கினேன். அன்றிரவு காந்திபுரத்தில் தங்கிய அறையில் புதிதாக எதையும் திறக்காமல், கக்குவான் பக்கத்தை மட்டும் இருமுறை வாசித்துவிட்டு விளக்கை அணைத்தேன்.