'ரன்' என்னும் ஒரு சொல்லைப் படித்த அனுபவம்

ஐபிபிஎஸ் என்னும் வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனம் நடத்தும் எழுத்தர் தேர்வின் முதல்நிலையில் ஆங்கிலத்துக்கு 30 வினாக்கள், 20 நிமிடங்கள். ஒரு வினாவுக்கு 40 நொடிகள்தாம். தவறாகக் குறித்தால் கால் மதிப்பெண் குறையும். பயிற்சி வகுப்பில் சேர்ந்த முதல் நாளே இந்தக் கணக்கை மனத்தில் பதித்துக்கொண்ட நான், ஒரு மாதிரித் தேர்வில் ஒரே வாக்கியத்தின் முன்னால் மூன்று நிமிடங்களை இழந்தேன். கிணறு, அதாவது 'வெல்', 'ஹேட் ரன் டிரை' என்று அந்த வாக்கியம் கூறியது. 'வெல்' தெரியும், 'டிரை' தெரியும், 'ரன்' என்பதோ மூன்றாம் வகுப்பிலேயே படித்த சொல். ஆயினும் கிணறு எப்படி ஓடும், ஓடியபின் எப்படி உலரும் என்று விளங்காமல் தவறான விடையைக் குறித்துவிட்டு வந்தேன். பாம்பனை அடுத்த கடற்கரை ஊரில் பிறந்து, சித்திரை வந்தால் கிணறு வற்றிப்போவதையும் தண்ணீர் லாரிக்காகக் குடங்கள் வரிசையில் நிற்பதையும் ஆண்டுதோறும் பார்த்து வளர்ந்தவள் நான். அந்த வற்றுதலைத்தான் வாக்கியம் சொன்னது என்று பிறகு அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட வருத்தம் பல நாள் நீங்கவில்லை.

பயிற்சி வகுப்பில் இதற்குக் கொடுத்த மருந்து ஒரு பட்டியல். 'ரன்' என்ற சொல்லுக்கு 42 பொருள்கள், எண்ணிட்டு, ஒன்றின்கீழ் ஒன்றாக. இரண்டு வாரம் அதை உருப்போட்டேன். அடுத்த மாதிரித் தேர்வில் அதே சொல் வேறு வாக்கியத்தில் வந்தபோது, பட்டியலின் வரிசை நினைவுக்கு வந்ததே தவிர, எந்த எண்ணை எடுத்து இங்கே பொருத்துவது என்பது தெரியவில்லை. பட்டியலை நீட்டியும் பயனில்லை என்பதற்கு ஒரு செய்தி போதும். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் மிக நீளமான பதிவைப் பெற்றிருந்த சொல் 'செட்'. பின்னர் நடந்த திருத்தப் பணியில் 'ரன்' அதை முந்தியது, வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள்கள் பிரித்துக் காட்டப்பட்டுள்ளன. அத்தனையையும் மனப்பாடம் செய்தவர் ஆங்கிலேயரிலும் இருக்க முடியாது. ஆனாலும் அவர்கள் தடுமாறுவதில்லை. அப்படியானால் அவர்கள் பொருளை அறியும் வழி வேறாகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணத் தொடங்கினேன்.

அந்த வழி, நான் இளங்கலையில் படித்த தமிழிலக்கணப் பாடத்திலேயே இருந்தது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கம், பலபொருள் ஒருசொல்லைப் பற்றிப் பேசுமிடத்தில், அத்தகைய சொல்லின் பொருள் அதனோடு சேரும் வினையாலும், இனத்தாலும், சார்பாலும் தெளிவாகும் என்கிறது. 'மா' என்று தனியே சொன்னால் மரமா, விலங்கா என்ற ஐயம் எழும். பூத்தது என்றால் மரம், பாய்ந்தது என்றால் விலங்கு. தேர்வு எழுதும் எவரும் இந்தப் பாடத்தை ஒருமுறை எடுத்துப் படிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்திச் சொல்வேன், ஏனென்றால் ஆங்கிலச் சொல்லுக்கும் இது அப்படியே பொருந்துகிறது. ஒரே ஒரு மாற்றம் உண்டு: அங்கே பெயரின் பொருளை வினை காட்டியது, 'ரன்' வினையாக வரும்போது அதன் பொருளைப் பக்கத்திலுள்ள பெயர் காட்டும். ஆகவே வாக்கியத்தைப் பார்த்ததும் 'ரன்' என்பதற்கு என்ன பொருள் என்று கேட்பதை நிறுத்திவிட்டு, ஓடுவது எது, எதை ஓட்டுகிறார்கள், பின்னால் ஒட்டிவருவது எது என்ற மூன்றையும் கேட்கப் பழகினேன்.

ஓடுவது எது என்ற கேள்வியிலேயே பாதிக்கு மேல் தெளிந்துவிடும். ஓடுவது சிறுவனாகவோ நாயாகவோ இருந்தால் கால்களால் ஓடுவது. நீராக இருந்தால் பாய்வது. பழைய ஆங்கிலத்திலேயே இச்சொல்லுக்கு நீர் பாய்வது என்ற பொருளும் இருந்ததால் ஆறும் குழாயும் கண்ணீரும் மூக்கும் அங்கே ஓடுகின்றன. இயந்திரமாக இருந்தால் இயங்குவது: கரையில் நிற்கும் விசைப்படகின் இன்ஜின் நின்ற இடத்திலேயே 'ரன்' ஆகிறது. ரயிலாக இருந்தால், ஒருமுறை விரைந்து செல்வதைக் காட்டிலும், அந்த வழியில் நாள்தோறும் சேவை நடப்பதையே பெரும்பாலும் குறிக்கும். 1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரல் 6 அன்று புதிய செங்குத்துத் தூக்குப்பாலம் திறக்கப்படும் வரை எங்கள் தீவுக்கு ரயில் ஓடவில்லை; நான் தேர்வு மையங்களுக்குப் பேருந்தில் சாலைப்பாலம் கடந்து அலைந்ததும் அந்த ஆண்டுகளில்தான். 'டிரெயின்ஸ் டிட் நாட் ரன்' என்னும்போது வேகத்தைப் பற்றிய பேச்சே அதில் இல்லை என்பதை அனுபவமே எனக்குக் கற்பித்தது.

அசையாத பொருள் எழுவாயாக வந்தால் கவனமாக இருக்க வேண்டும். சாலை 'ரன்' ஆகிறது, பாலம் 'ரன்' ஆகிறது என்றால் அது ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் வரை நீண்டு கிடக்கிறது என்று பொருள். பாம்பனின் ரயில் பாலம் கடலின் மேல் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக 'ரன்' ஆகிறது. இடத்தில் நீள்வதைப் போலவே காலத்தில் நீள்வதும் உண்டு: விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் 'ரன்' ஆகிறது. சட்டம், ஒப்பந்தம், காப்பீடு, கண்காட்சி ஆகியவை எழுவாயாக வந்தால் பெரும்பாலும் இந்தக் காலப் பொருளை முதலில் பொருத்திப் பார்க்கலாம். நோய், குணம் போன்றவை வந்து, பின்னால் 'இன் தி ஃபேமிலி' என்றிருந்தால், அது பரம்பரையாக வருவது.

இரண்டாவது கேள்வி, செயப்படுபொருள் உண்டா என்பது. தமிழில் ஓடு என்பது தன்வினை, ஓட்டு என்பது பிறவினை. சொல்லின் வடிவமே வேறுபாட்டைக் காட்டிவிடும். ஆங்கிலம் இரண்டுக்கும் 'ரன்' என்ற ஒரே வடிவத்தை வைத்துக்கொண்டிருப்பதால், தமிழ் மாணவர் ஏமாறும் இடம் இதுவே. 'ஷி ரன்ஸ் எ ஷாப்' என்றால் அவள் கடை நடத்துகிறாள். கருவாட்டுக் கடை, ஐஸ் கம்பெனி, பள்ளிக்கூடம், நாடு, எது வந்தாலும் நடத்துவது அல்லது நிர்வகிப்பது என்று கொள்க. 'ரன் எ ஃபீவர்' என்றால் காய்ச்சல் அடிப்பது, 'ரன் எ ரிஸ்க்' என்றால் ஆபத்துக்கு உள்ளாவது. இவற்றைக் காரணம் தேடாமல் தொடராகவே பழகிக்கொள்வது நல்லது. செயப்படுபொருளுக்குப் பதிலாக ஒரு பண்புச்சொல் மட்டும் நின்றால், 'ரன்' தன் ஓட்டத்தை முழுவதும் விட்டு, ஒரு நிலையை அடைவதைக் குறிக்கிறது. 'ரன் லோ' குறைந்துபோவது, 'ரன் ஷார்ட்' பற்றாமல் போவது, 'ரன் வைல்டு' கட்டுக்கடங்காமல் போவது. என்னைத் தோற்கடித்த 'ரன் டிரை' இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

மூன்றாவது, ஒட்டிவரும் சிறு சொற்கள். இங்கே ஓர் எழுத்துக்கும் விலையுண்டு. கடற்கரை மணலில் பந்தடிக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் 'ரன் அவுட்' என்பதை நன்றாக அறிவார்கள். ஓடி முடிப்பதற்குள் ஸ்டம்பு விழுந்தால் ஆட்டக்காரர் ஆட்டமிழக்கிறார். ஆனால் அதே தொடருக்குப் பின்னால் 'ஆஃப்' சேர்ந்து 'ரன் அவுட் ஆஃப் டீசல்' என்றானால் டீசல் தீர்ந்துபோயிற்று. 'ரன் இன்ட்டு' ஒருவரை எதிர்பாராமல் சந்திப்பதையும் ஒன்றின்மீது மோதுவதையும் குறிக்கும். எதிரே ஆள் இருக்கிறாரா, சுவர் இருக்கிறதா என்ற முதல் கேள்வியே அதையும் பிரித்துவிடும். படகு 'ரன் அகிரவுண்ட்' ஆனது என்றால் தரைதட்டியது. பாக் நீரிணையின் ஆழமற்ற பகுதிகளையும் மணல் திட்டுகளையும் அறிந்த நமக்கு இச்சொல் ஒருமுறை பிடிபட்டால் மறப்பதற்கு வழியில்லை.

வங்கித் தேர்வு எழுதுவோர் பெயர்ச்சொல்லாக வரும் ஒரு பொருளைத் தவறாமல் அறிந்திருக்க வேண்டும். 'எ ரன் ஆன் தி பேங்க்' என்பது, வங்கி முழுகிவிடும் என்ற அச்சத்தில் வைப்பாளர்கள் ஒரே நேரத்தில் திரண்டு பணத்தைத் திரும்பக் கேட்பது. அத்தகைய அச்சத்தைத் தணிப்பதற்கும் பயன்படும் வைப்புத்தொகைக் காப்பீடு, 2020 முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை உள்ளது என்பது பொது அறிவுப் பகுதிக்கும் உதவும்.

பிழை காணும் வினாக்களில் இரண்டு இடங்களைக் கவனியுங்கள். 'ரன், ரேன், ரன்' என்பதே இவ்வினையின் மூன்று வடிவங்களின் வரிசை. 'ஹேஸ்', 'ஹேவ்', 'ஹேட்' ஆகியவற்றுக்குப் பின் 'ரேன்' வருவது பிழை. மற்றொன்று நம் தமிழே உண்டாக்கும் பிழை. அவனுக்குப் பதினெட்டு வயது ஓடுகிறது என்று நாம் இயல்பாகப் பேசுகிறோம். அதை அப்படியே 'ஹி இஸ் ரன்னிங் எய்ட்டீன்' என்று எழுதினால் பொது ஆங்கிலத்தில் ஏற்கமாட்டார்கள். ஓடு என்ற நம் சொல்லும் பரந்த பொருளுடையதுதான்: ஆறும் காலமும் கப்பியில் கயிறும் திரையரங்கில் படமும் இரு மொழிகளிலும் ஓடுகின்றன. இரண்டும் ஒத்துப்போகும் இடங்களுக்காக நேரம் செலவிடத் தேவையில்லை. பிரியும் இடங்களை மட்டும் குறித்துக்கொண்டால் படிக்க வேண்டியது பாதியாகக் குறைந்துவிடும். எனக்கு அந்தக் குறிப்புகள் ஒரு பள்ளி நோட்டில் நான்கு பக்கங்களுக்குள் அடங்கின. பொருளை நான் எழுதவே இல்லை. ஒவ்வொரு வழக்குக்கும் என் வீட்டிலோ கரையிலோ நடந்த ஒன்றை வைத்து ஒரு வாக்கியம் எழுதி, இரவில் கண்ணை மூடி அந்தக் காட்சியை நினைத்துப் பார்த்தேன். இரண்டாம் முறை எழுதிய தேர்வில் ஆங்கிலப் பகுதியை ஒன்றரை நிமிடம் மீதமிருக்கையில் முடித்தேன்.

இப்போது வங்கிப் பணியிலிருந்து விடுமுறையில் ஊருக்கு வரும்போது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சிலர் நோட்டுடன் வந்து அமர்கிறார்கள். சென்ற தடைக்காலத்தில் வந்திருந்தபோது, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு பெண், "அக்கா, எங்கப்பா படகு தரைதட்டுனதும் ஓட்டம்தானா? நின்னுல்ல போச்சு!" என்று கேட்டாள். ஓடியதால்தான் தட்டியது, 'அகிரவுண்ட்' என்பது அது போய்ச் சேர்ந்த நிலை என்று விளக்கினேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, தன் நோட்டில் அவள் நான்கு வாக்கியங்களை எழுதிக் காட்டினாள்: அப்பா ஒரு படகு வைத்துத் தொழில் நடத்துகிறார், படகில் டீசல் தீர்ந்தது, படகு தரைதட்டியது, தடைக்காலம் ஜூன் 14 வரை நீடிக்கிறது. நான்கிலும் ஆங்கிலத்தில் 'ரன்' இருந்தது, நான்கும் சரியாக இருந்தன. அடுத்த விடுமுறைக்குள் 'செட்' என்ற சொல்லுக்கு இதேபோல எழுதி வைக்கும்படி சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். சூரியன் அடைவதும் வலையைக் கடலில் வைப்பதும் அதில் வரும் என்பதை மட்டும் முன்கூட்டிச் சொன்னேன்.