பங்க் விலைப்பலகையும் தேர்தல் தேதியும்

2020 மே மாதம், ஊரடங்கினால் கச்சா எண்ணெய் வாங்க ஆளின்றிக் கிடந்த நேரத்தில், மத்திய அரசு கலால் வரியைப் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் உயர்த்தியது. பங்க்கில் விலைப்பலகை அசையாததால் யாரும் பெரிதாகக் கூச்சலிடவில்லை; நமக்குக் குறைந்திருக்க வேண்டிய தொகை சத்தமில்லாமல் கஜானாவுக்குப் போய்ச் சேர்ந்தது. ஜூன் 7 முதல் விலை நாள்தோறும் ஏறத் தொடங்கியபோதுதான் பலருக்கும் உறைத்தது.

பெட்ரோல் விலை நிர்ணயத்தை அரசு 2010 ஜூனிலும், டீசலுடையதை 2014 அக்டோபரிலும் எண்ணெய் நிறுவனங்களிடம் விட்டது. 2017 ஜூன் முதல் தினமும் காலை 6 மணிக்கு விலை மாறும் என்றார்கள். ஆனால் உத்தரப் பிரதேசம், பஞ்சாப் உள்ளிட்ட ஐந்து மாநிலத் தேர்தலையொட்டி, 2021 நவம்பர் 4 முதல் 137 நாட்கள் அந்தக் காலை 6 மணி வந்து போனதே தவிர விலை மாறவில்லை. அதற்குள் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு ஏறக்குறைய 80 டாலரிலிருந்து 120 டாலரைத் தாண்டியிருந்தது. முடிவுகள் மார்ச் 10 அன்று வந்தன. 22 அன்று தொடங்கிய உயர்வு இரண்டே வாரங்களில் லிட்டருக்குச் சுமார் 10 ரூபாயை எட்டியது. 2018 கர்நாடகத் தேர்தலின்போதும் இதே கதைதான். இதைச் சந்தை விலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வரியின் உள்விவரம் இன்னும் சுவாரசியமானது. 2021 பிப்ரவரியில் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு மத்திய அரசு வாங்கிய 32 ரூபாய் 90 காசில், மாநிலங்களோடு பகிர வேண்டிய அடிப்படைக் கலால் வரி 1 ரூபாய் 40 காசு மட்டுமே; மற்றதெல்லாம் செஸ் (ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்கென வாங்கும் மேல்வரி), சிறப்புக் கூடுதல் வரி என்ற பெயர்களில் பங்கீட்டுக்கு வெளியே நின்றது. (ஓட்டலில் இரண்டு இட்லி சாப்பிட்டால்கூட பில்லில் ஜிஎஸ்டி தனியாக வருகிறது, பங்க் ரசீதில் இந்த விவரம் எதுவும் வருவதில்லை.)

மாநிலங்களும் சளைத்தவை அல்ல. பெட்ரோலுக்கு 5 ரூபாய் குறைப்பதாக வாக்களித்து ஆட்சிக்கு வந்த திமுக, 2021 ஆகஸ்டு பட்ஜெட்டில் குறைத்தது 3 ரூபாய். அடுத்த மாதம் லக்னோவில் கூடிய, மத்திய அரசும் மாநிலங்களும் சேர்ந்து அமர்கிற ஜிஎஸ்டி கவுன்சில், கேரள உயர் நீதிமன்றம் சொன்னதற்காகப் பெட்ரோலை ஜிஎஸ்டிக்குள் கொண்டுவருவது பற்றிப் பேசிவிட்டு, இது அதற்கான நேரம் அல்ல என்று முடித்துக்கொண்டது. மற்ற எல்லாவற்றிலும் மோதிக்கொள்கிற மத்திய அரசும் மாநிலங்களும் அன்று அதில் மட்டும் ஒத்துப்போயின.